ராணிக்கும் மானியம், இறந்தவருக்கும் மானியம்... தெரியுமா?

இங்கிலாந்து ராணி எலிசபெத் விவசாய மானியம் வாங்கினார், தெரியுமா? பக்கிங்ஹாம் அரண்மனையில் இருந்த அதே ராணிதான்! நார்ஃபோக் பகுதியில் அரச குடும்பத்துக்குச் சொந்தமான சாண்ட்ரிங்ஹாம் பண்ணைக்கு 2015-ல் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விவசாய நிதியிலிருந்து வந்த தொகை 5.5 லட்சம் பவுண்டுக்கும் மேல். அன்றைய மதிப்பில் நம் ரூபாய்க்கு ஐந்து கோடியைத் தாண்டும். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. எல்லாம் சட்டப்படி, ஒழுங்காக, வங்கிக் கணக்குக்கு வந்த பணம்!

அதே ஆண்டு, அதே பட்டியலில் இன்னொரு பெயரையும் பாருங்கள். சவூதி இளவரசர் காலித் பின் அப்துல்லாவின் ஜட்மான்ட் பண்ணை. ஓடிய 14 பந்தயங்களிலும் தோற்காத ஃப்ராங்கெல் என்ற குதிரையின் சொந்தக்காரராக இருந்தவர் அவர்தான். பந்தயக் குதிரை வளர்க்கும் அந்தப் பண்ணைக்கும் 4 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது. பிரான்சில் இருந்த நிலத்துக்காக மொனாக்கோ இளவரசர் ஆல்பர்ட்டும் வாங்கியிருக்கிறார். நெதர்லாந்தில் வேளாண் அமைச்சராக இருந்த ஒருவரே தம் பண்ணைகளுக்கு மானியம் வாங்கியதும் வெளியே வந்தது.

எப்படி இது? கணக்கு எளிது. எத்தனை ஹெக்டேர் வைத்திருக்கிறீர்கள்? அத்தனைக்கும் பணம். அதிக நிலம் என்றால் அதிகப் பணம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் 2027 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு விவசாயத்துக்கென ஒதுக்கிய தொகை 38,700 கோடி யூரோ. ஒன்றியத்தின் மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அந்த நேரடி மானியத்தில் சுமார் 80 சதவிகிதம் போய்ச் சேருவது மேல்தட்டில் உள்ள 20 சதவிகிதம் பேருக்கு. மீதி 80 சதவிகிதம் பேர் மிச்சம் இருப்பதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

வியர்வை சிந்துகிறவரைத் தேடிப் போக வேண்டிய பணம் பட்டா வைத்திருப்பவரைத் தேடிப் போகிறது. இந்த ஒரு விதியைக் கையில் பிடித்துக்கொண்டு உலகத்தை ஒரு சுற்று சுற்றி வருவோம். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கூத்து காத்திருக்கிறது!

முதலில் மொத்தக் கணக்கு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 54 நாடுகளை எடுத்துக் கணக்குப் போட்டது. 2021 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரியாக 84,200 கோடி டாலர் விவசாய ஆதரவாகப் போயிருக்கிறது. சுமார் 70 லட்சம் கோடி ரூபாய்! இந்திய அரசின் 2024-25 பட்ஜெட் மொத்தமும் 48 லட்சம் கோடிதான்.

செத்தும் வாங்கிய சீதக்காதிகள்!

செத்தும் கொடுத்த சீதக்காதியை நமக்குத் தெரியும். செத்தும் வாங்கியவர்களைத் தெரியுமா? அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1999 முதல் 2005 வரையிலான ஏழு ஆண்டுகளில் 1,72,801 இறந்தவர்களின் பெயரில் 110 கோடி டாலர் விவசாய மானியம் போயிருக்கிறது! அதில் 40 சதவிகிதம் இறந்து மூன்று ஆண்டுக்கும் மேல் ஆனவர்கள் பெயரில். 19 சதவிகிதம், இறந்து ஏழு ஆண்டுக்கும் மேல் ஆனவர்கள் பெயரில். வாரிசுகள் சொத்தைப் பிரிக்கும் வரை சில காலம் இறந்தவர் பெயரில் பணம் வருவது சட்டப்படி நடக்கக்கூடியதுதான். ஆனால் ஏழு வருடமாகவா?

உயிரோடு இருப்பவர்கள் மட்டும் குறைந்தவர்களா? வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2006-ல் தோண்டி எடுத்த கதை இது. டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர், தொழில் தார்ச்சாலை ஒப்பந்தம். ஊருக்கு வெளியே 18 ஏக்கர் வாங்கி மனைவிக்காக ஆசை ஆசையாக வீடு கட்டினார். விவசாயத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 1,300 டாலர் மானியம் வந்தது. காரணம்? ஒரு காலத்தில் அந்த மண்ணில் நெல் விளைந்தது! இப்போது நெல் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விவசாயமே செய்யாதவர்களுக்கு 2000-லிருந்து இப்படிப் போன தொகை குறைந்தது 130 கோடி டாலர் என்று அந்த நாளிதழ் கணக்கிட்டது. அந்தப் பகுதியில் நெல் நிலத்தை மனை போட்டு விற்றவர்களுக்கு இந்த மானியமும் ஒரு விளம்பரமாகிப் போனது. 2014 சட்டத்தில்தான் இந்தத் திட்டத்துக்கு முழுக்குப் போட்டார்கள்.

பயிரிடாமல் இருப்பதற்கும் பணம் உண்டு, தெரியுமா? மண் அரிப்பைத் தடுக்க, சரிவு நிலங்களைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓய்வாக விடுங்கள், வாடகை தருகிறோம் என்று 1985-ல் அமெரிக்கா ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாடகை வாங்கியவர்களில் ஒருவர் யார் என்கிறீர்கள்? மைக்கேல் ஜோர்டானோடு சிகாகோ புல்ஸ் அணியில் ஆடிய கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்காட்டி பிப்பன்! ஆர்கன்சா மாநிலத்தில் அவருக்கு நிலம் இருந்தது. விவசாய நிதி வாங்கியவர்களில் சிஎன்என் தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னர் உண்டு. ராக்ஃபெல்லர் குடும்பத்து டேவிட் ராக்ஃபெல்லரும் உண்டு.

ஆட்டு ரோமக் கதை இன்னும் சுவாரசியம். ராணுவச் சீருடைக்குக் கம்பளி வேண்டும் என்று 1954-ல் அமெரிக்கா கம்பளிக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. அதோடு ஒட்டிக்கொண்டு அங்கோரா ஆட்டின் ரோமமும் உள்ளே வந்தது. சில ஆண்டுகளில் சீருடைக்குச் செயற்கை இழை வந்துவிட்டது. போர்க்காலத் தேவைப் பட்டியலிலிருந்து கம்பளியை எடுத்தே விட்டார்கள். மானியம்? அது மட்டும் 1995 வரை ஓடியது! வாங்கியவர்களில் ஒருவர், அரசின் ஊதாரிச் செலவுகளைத் தொலைக்காட்சியில் கிழித்துத் தொங்கவிட்ட புகழ்பெற்ற செய்தியாளர் சாம் டொனால்ட்சன். நியூ மெக்சிகோவில் அவருக்குப் பண்ணை இருந்தது. ஒழித்த மானியம் ஏழே ஆண்டில், 2002 சட்டத்தில், மறுபடி முளைத்தது தனிக்கதை.

ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு கிடையாதா? உண்டு, உண்டு! 2018 சட்டப்படி ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் டாலர். ஆனால் ஒரு பண்ணையில் எத்தனை 'ஆள்' என்பதில்தான் சூட்சுமம். மேற்பார்வை பார்க்கிறேன் என்று சொன்னாலே விவசாயிதான். அதே 2018 சட்டம் குடும்பம் என்பதற்குள் ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள், அண்ணன் தம்பி அக்கா தங்கை பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்தது. பெரியப்பா மகன், சித்தி மகள் வரை ஆளுக்கொரு பங்கு! 2025-ல் வரம்பையும் 1.55 லட்சம் டாலராக உயர்த்திவிட்டார்கள்.

60 லட்சம் பன்றிக்குட்டிகள்

இவ்வளவும் எங்கே தொடங்கியது? 1933. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். பருத்தி விலை தரைமட்டம். ரூஸ்வெல்ட் அரசு ஒரு முடிவெடுத்தது: விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும். அதற்குள் பருத்தி வயலில் வளர்ந்து நிற்கிறதே? உழுது அழியுங்கள், பணம் தருகிறோம்! சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை நின்ற இடத்திலேயே மடக்கி உழுதார்கள். செடியை மிதிக்காமல் சாலுக்கு நடுவே நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் பருத்தியின் மேல் நடக்க மறுத்து முரண்டு பிடித்தன என்று ஒரு கதை அங்கே இன்றும் சொல்வார்கள். சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளையும் அரசே வாங்கிக் கொன்றது. நாடு முழுக்கச் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறது, இங்கே உணவு அழிகிறது! மக்கள் கொதித்த கொதிப்பில், உபரி உணவை ஏழைகளுக்குக் கொடுக்க அதே ஆண்டு அக்டோபரில் தனியாக ஒரு நிறுவனமே தொடங்க வேண்டியதாயிற்று.

சரி, பருத்தியை உழுது அழித்ததற்குக் கொடுத்த பணம் யார் கைக்குப் போனது? இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தி விளைவித்தவர்களில் பெரும்பாலோர் வாரதாரர்கள். நிலம் ஒருவருடையது, பாடு இன்னொருவருடையது. அவர்களில் கறுப்பர்கள் ஏராளம். காசோலை நிலச்சொந்தக்காரர் பெயருக்கு வந்தது. உரிய பங்கை வாரதாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. பலர் கொடுக்கவில்லை. அது மட்டுமா? நிலத்தைத் தரிசாகப் போட்டால்தான் பணம் என்றானபின் வாரதாரர் எதற்கு? குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வந்த மானியத்தில் டிராக்டர் வாங்கியவர்களும் உண்டு.

1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்தின் டைரோன்சா என்ற சிற்றூரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இனப் பாகுபாடு கொடிகட்டிப் பறந்த தென்மாநிலத்தில், அந்தக் காலத்தில்! ஏழையைக் காப்பாற்ற வந்த திட்டம் ஏழையைத் தெருவில் நிறுத்தியதால் பிறந்த சங்கம் அது.

கறுப்பின விவசாயிகளின் கணக்கு அதோடு முடியவில்லை. அரசுக் கடனிலும் உதவியிலும் பல பத்தாண்டுகளாகத் தங்களை ஒதுக்கினார்கள் என்று அவர்கள் தொடுத்த வழக்கு 1999-ல் சமரசமானது. நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு. 2010-ல் இரண்டாம் சுற்று, 125 கோடி டாலர். 2024-ல், அரசுக் கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்ன சுமார் 43,000 பேருக்கு 200 கோடி டாலர். மானியம் வாங்கியவர்களைப் பற்றியே பேசுகிறோம். கேட்டும் கிடைக்காதவர்களின் பட்டியலும் இவ்வளவு நீளம்!

குகைக்குள் பாலாடைக்கட்டி, ஒலிம்பஸ் மலையில் வாழை

அமெரிக்க அரசு மலைமலையாகப் பாலாடைக்கட்டி சேர்த்து வைத்திருந்தது தெரியுமா? பால் விலை விழாமல் இருக்க 1970-களின் பிற்பகுதியில் உபரியை எல்லாம் அரசே வாங்கியது. பால் கெட்டுவிடும், எனவே பாலாடைக்கட்டியாக, வெண்ணெயாக, பால்பொடியாக. வைக்க இடமில்லாமல் மிசௌரி மாநிலத்துச் சுண்ணாம்புக் குகைகளில் அடுக்கினார்கள்! 1981 டிசம்பரில் ரீகன் அரசு 1.3 கோடி கிலோவுக்கு மேல் எடுத்து ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஐரோப்பாவும் சளைத்ததல்ல. அங்கே 'வெண்ணெய் மலை', 'ஒயின் ஏரி' என்று பத்திரிகைகள் பெயர் வைக்கும் அளவுக்கு உபரி குவிந்தது.

அந்த உபரியை ஏற்றுமதி செய்யவும் மானியம் உண்டு. அதில் நடந்த வேடிக்கை: வெனிஸ் நகரத்து உணவு நிறுவனம் ஒன்று சொகுசுக் கப்பல்களுக்குச் சர்க்கரையும் பால் பொருளும் ஏற்றியது. கப்பல் ஐரோப்பாவை விட்டு வெளியே போகிறதல்லவா? அப்படியானால் அது ஏற்றுமதி! எடு மானியத்தை! காப்பியில் கலக்கும் சர்க்கரைக்கு விவசாய மானியம் கொடுத்த கண்டம் அது. ஜெர்மனியில் மிட்டாய் செய்யும் ஹரிபோ நிறுவனமும் இப்படிப் பட்டியலில் இருந்தது, மிட்டாய்க்குள் சர்க்கரை இருப்பதால்.

சிரித்தது போதும். இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வாருங்கள். நெப்ரோடி மலைப் பகுதியில் மேய்ச்சல் நிலங்களை மிரட்டிக் குத்தகைக்கு எடுத்து, ஐரோப்பிய மானியத்தைக் கறந்தது மாஃபியா! போதைப் பொருளுக்குச் சிறை உண்டு, ஆபத்து உண்டு. மானியத்துக்கு விண்ணப்பம் போதும். நெப்ரோடிப் பூங்காவின் தலைவராக வந்த ஜூசெப்பே அந்தோசி, குத்தகை எடுப்பவர் எவராக இருந்தாலும் மாஃபியாத் தொடர்பில்லை என்ற சான்று வேண்டும் என்றார். 2016 மே மாதம் ஓர் இரவு அவர் கார்மீது துப்பாக்கிச் சூடு. குண்டு துளைக்காத காரும் பாதுகாப்புக் காவலர்களும் இருந்ததால் பிழைத்தார். அவர் கொண்டுவந்த விதி அடுத்த ஆண்டு இத்தாலி முழுமைக்கும் சட்டமானது. 2020 ஜனவரியில் அந்தப் பகுதியில் 94 பேர் கைதானார்கள். ஐரோப்பிய நிதியில் சுமார் ஒரு கோடி யூரோ மோசடி என்பது குற்றச்சாட்டு.

ஸ்லோவாக்கியாவில் யான் குசியாக் என்ற 27 வயதுப் பத்திரிகையாளர் 2018 பிப்ரவரியில் தம் வருங்கால மனைவியோடு வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற கடைசிக் கட்டுரை, இத்தாலிய மாஃபியாத் தொடர்புள்ளவர்கள் கிழக்கு ஸ்லோவாக்கியாவில் விவசாய மானியம் வாங்குவதைப் பற்றியது. கொலைக்குக் காரணம் அவர் எழுதிய வேறு செய்திகள் என்றே வழக்கு போனது. ஆனாலும் மக்கள் தெருவில் இறங்கிய வேகத்தில் பிரதமர் பதவி விலகினார்.

கிரீஸ்? 2025-ல் வெடித்தது. இல்லாத ஆடுகளுக்கும் தமக்குச் சொந்தமில்லாத மேய்ச்சல் நிலத்துக்கும் ஆண்டுக்கணக்கில் மானியம். கடவுளர் வாழ்ந்ததாகக் கிரேக்கர் சொல்லும் ஒலிம்பஸ் மலையில் வாழைத்தோட்டம் இருப்பதாகக் கூட விண்ணப்பம் இருந்ததாக ஊடகங்கள் எழுதின! பனி மூடும் மலையில் வாழை! ஐரோப்பிய ஆணையம் விதித்த அபராதம் சுமார் 40 கோடி யூரோ. அமைச்சரும் துணை அமைச்சர்களும் பதவி விலகினார்கள். மானியம் வழங்கிய அமைப்பையே மூடி வரித்துறையோடு சேர்க்கப் போவதாக அரசு அறிவித்தது.

செக் நாட்டில் இன்னொரு விதம். ஆந்திரே பாபிஷ் பெரும் வேளாண் குழுமம் ஒன்றை உருவாக்கியவர். 2017-ல் பிரதமரும் ஆனார். மானியம் வாங்கும் குழுமத்தின் கட்டுப்பாடும் மானியக் கொள்கை பேசும் நாற்காலியும் ஒரே ஆளிடம் இருக்கலாமா? இது முரண்பட்ட நலன் என்று ஐரோப்பிய ஆணையத்தின் தணிக்கை முடிவு கட்டியது.

யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் வெளியிட்டால்தானே இதெல்லாம் தெரியும்? அதற்கும் வந்தது வழக்கு! பெயரை வெளியிடுவது எங்கள் அந்தரங்க உரிமையைப் பாதிக்கிறது என்று ஜெர்மனியில் மானியம் வாங்கியவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தனிநபர் பெயர்கள் மறைந்தன. சில ஆண்டுகள் கழித்துப் புதிய விதி போட்டுத்தான் மறுபடி வெளிச்சம் வந்தது.

அடுத்த ஊர் விவசாயிக்கு நம் ஊர் வரிப்பணம்

இது இந்தப் பட்டியலிலேயே என்னை அதிகம் வியக்க வைத்தது. பிரேசில் நாட்டுப் பருத்தி விவசாயிகளுக்கு அமெரிக்க அரசு பணம் கொடுத்தது, தெரியுமா?

அமெரிக்காவில் பருத்தி பயிரிடுவோர் சுமார் 25,000 பேர். அவர்களுக்குப் போன மானியம் சில ஆண்டுகளில் 300 கோடி டாலரைத் தாண்டியது. அந்த மலிவுப் பருத்தி உலகச் சந்தையில் விலையைக் கீழே தள்ளியது. மாலி, பர்கினா ஃபாசோ, பெனின், சாட் என்ற நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் பருத்தியை நம்பி வாழ்வோர் லட்சோப லட்சம். உங்கள் மானியம் எங்கள் கழுத்தை நெரிக்கிறது என்று மாலி, பர்கினா ஃபாசோ அதிபர்கள் இருவரும் 2003-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கட்டுரையே எழுதினார்கள். ஏழை நாடுகள் எழுதத்தான் முடிந்தது. பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. அமெரிக்கப் பொருள்கள்மீது பதிலடி வரி போட 2009-ல் அனுமதியும் வாங்கியது. அமெரிக்கா என்ன செய்தது? மானியத்தை வெட்டவில்லை! வழக்கைக் கிடப்பில் போடுவதற்காக, பிரேசில் பருத்தி விவசாயிகளின் நிதிக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. தம் விவசாயிக்கு ஒரு மானியம், அதைத் தொடர்ந்து கொடுப்பதற்காக அடுத்த நாட்டு விவசாயிக்கு ஒரு மானியம்! 2014-ல் இன்னொரு 30 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். ஆப்பிரிக்க நாடுகள் இந்தச் சமரசத்தில் ஒரு தரப்பே இல்லை.

ஜப்பான் 1970 முதல் சுமார் ஐம்பது ஆண்டுகள் நெல் போடாமல் இருக்க விவசாயிகளுக்குப் பணம் கொடுத்த நாடு. 2018-ல் அதிகாரபூர்வமாக நிறுத்தினார்கள். 2025-ல் அரிசி விலை இரட்டிப்பானது. அந்த நேரம் பார்த்து வேளாண் அமைச்சர், "நான் அரிசியே வாங்கியதில்லை, ஆதரவாளர்களே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்" என்கிற பாணியில் பேசி வைத்தார். பதவி போயிற்று!

எல்லா மானியத்தையும் ஒரேயடியாக வெட்டிய நாடும் உண்டு. நியூசிலாந்து, 1984. அதற்கு முன் ஆட்டுப் பண்ணை வருமானத்தில் சுமார் 40 சதவிகிதம் அரசுப் பணம். தலைக்கு இவ்வளவு என்ற ஆசையில் 1982-ல் ஆடுகளின் எண்ணிக்கை 7 கோடியைத் தாண்டியிருந்தது. மக்கள்தொகையோ முப்பது லட்சத்துச் சொச்சம்! மானியம் போனால் பத்தில் ஒரு பண்ணை மூழ்கும் என்று பயந்தார்கள். மூழ்கியது நூற்றில் ஒன்று. ஆனால் இதை நமக்கு உதாரணம் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அங்கே ஒரு பண்ணையின் பரப்பில் நம் ஊர்க் கிராமம் ஒன்றே அடங்கிவிடும்.

நம் பக்கம் வருவோமா?

இந்திய விவசாயிக்கு மானியம் கொட்டுகிறது என்பார்கள். முன்னால் சொன்ன அதே பொருளாதார அமைப்பு இந்தியாவுக்குப் போட்ட கணக்கு என்ன தெரியுமா? கழித்தல் குறி! உரம், மின்சாரம், ஆதார விலை எல்லாவற்றையும் கூட்டி, ஏற்றுமதித் தடைகளால் விவசாயி இழக்கும் விலையை அதில் கழித்தால், நிகரத்தில் விவசாயிதான் நாட்டுக்குக் கொடுக்கிறார். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசிக்கும், டிசம்பரில் வெங்காயத்துக்கும் ஏற்றுமதித் தடை போட்டது நினைவிருக்கிறதல்லவா? கடையில் விலை குறைந்தால் நமக்கு மகிழ்ச்சி. அந்தக் குறைவு வயலிலிருந்து வந்தது.

யூரியா மூட்டை எவ்வளவு? 45 கிலோ, 242 ரூபாய், வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் தனி. உண்மை அடக்கம் அதைப்போலப் பல மடங்கு. மீதியை அரசு கொடுக்கிறது, ஆனால் உங்களுக்கு அல்ல, உர நிறுவனத்துக்கு! உரக்கடையில் நீங்கள் கைரேகை வைத்து மூட்டை வாங்கியது பதிவானதும் கம்பெனிக்குப் பணம். 2022-23-ல் இப்படிப் போன உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. மூட்டை ஏன் 45 கிலோ, ஏன் 50 இல்லை? விவசாயி ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்றுதான் கணக்கு வைப்பார், மூட்டையைச் சிறிதாக்கினால் யூரியா குறையும் என்று 2018-ல் போட்ட திட்டம் அது! யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியதற்கும் ஒரு காரணம் இதுதான்: மானிய மூட்டை பிளைவுட் பசை செய்யும் ஆலைக்கும் பாலில் கலப்படம் செய்பவருக்கும் கடத்தப்பட்டது. அடுத்த முறை பிளைவுட் அலமாரி வாங்கும்போது, அந்தப் பசைக்குள் உங்கள் வரிப்பணமும் இருக்கலாம்.

தமிழ்நாட்டின் இலவச மின்சாரம் 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு வந்தது. கலைஞர் ஆட்சியில் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் என்றானது. இன்று 23 லட்சத்துக்கும் மேல் இணைப்புகள். யாருக்குக் கிடைக்கும்? கிணறோ ஆழ்துளைக் குழாயோ இருப்பவருக்கு. வானம் பார்த்த மானாவாரிக் காட்டுக்காரருக்கு ஒரு யூனிட்டும் கிடையாது. சரி, கிணறு வெட்டிவிட்டீர்கள், இணைப்பு? ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முடியாதென்றால் தட்கல் இருக்கிறது: 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்டுங்கள். இலவச மின்சாரத்தின் நுழைவுக் கட்டணம் அது!

நெல்லுக்கும் கோதுமைக்கும் அரசு அறிவிக்கும் ஆதார விலையில் விற்க முடிந்த விவசாயிகள் எத்தனை பேர்? 2015-ல் மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு சொன்னது: நூற்றுக்கு ஆறு.

இப்போது பி.எம். கிசான். 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய திட்டம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. வங்கிக் கணக்குக்கே வருகிறது, நடுவில் கை நீட்ட ஆளில்லை. நல்லதுதான். ஆனால் யாருக்கு? சாகுபடி நிலம் பெயரில் இருக்கும் குடும்பத்துக்கு. குத்தகைக்கு உழுபவர், வாரத்துக்கு உழுபவர், நாற்று நடும் கூலிப் பெண், எவரும் கணக்கில் இல்லை. இன்னொன்று கேளுங்கள்: 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவருக்கு, வாரிசாக வந்தாலொழிய, பணம் கிடையாது. வாழ்நாள் கூலியைச் சேர்த்து 2020-ல் அரை ஏக்கர் வாங்கினாரே ஒருவர், அவர் இந்தத் திட்டத்துக்கு விவசாயி இல்லை! நாட்டில் சாகுபடிப் பிடிமானங்களில் பெண்கள் பெயரில் இருப்பவை 2015-16 கணக்கெடுப்பில் சுமார் 14 சதவிகிதம். வயலில் குனிந்து நிற்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிடைக்கக் கூடாதவர்களுக்குக் கிடைத்ததா? 2021 தொடக்கத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதில்: தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய். அவர்களில் பாதிக்கும் மேல் வருமான வரி கட்டுபவர்கள்! தமிழ்நாட்டில் 2020-ல், கொரோனா ஊரடங்கு நேரத்தில் நடந்ததை மறக்க முடியுமா? கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் சுமார் 5.5 லட்சம் போலிப் பெயர்கள், 110 கோடி ரூபாய். அதிகாரிகளின் கடவுச்சொல் கணினி மையங்கள் வரை போயிருந்தது. 80 ஒப்பந்தப் பணியாளர்களை நீக்கினார்கள், 34 பேர் இடைநீக்கம். பெயர் சேர்க்கப்பட்டவர்களில் பலருக்குத் தாங்கள் 'விவசாயி' ஆனதே தெரியாது. ஏதோ கொரோனா நிவாரணம் என்று ஆதாரைக் கொடுத்த ஏழைகள் அவர்கள்.

தெலங்கானா இன்னும் தாராளம். 2018 மே மாதம் தொடங்கிய ரைத்து பந்து திட்டத்தில் ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய், பின்னர் 5,000. உச்சவரம்பே இருக்கவில்லை! நூறு ஏக்கர்காரருக்கும் அத்தனை ஏக்கருக்கும் பணம். குத்தகைதாரருக்குப் பூஜ்யம். மலைக்கும் சாலைக்கும் வீட்டுமனைக்கும் கூடப் போனது என்று அடுத்து வந்த அரசு சொன்னது.

செய்ய முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஒடிசாவின் காலியா திட்டம் வாரதாரரையும் நிலமற்ற கூலித் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரத்திலும் ஒரு பகுதிக் குத்தகைதாரர்களுக்குக் கொடுத்தார்கள். குத்தகையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லிருந்தே சட்டம் இருக்கிறது! ஆனால் பெரும்பாலான குத்தகை வாய்மொழியில்தான். எழுத்தில் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று பட்டாதாரருக்குப் பயம். எழுத்தில் கேட்டால் குத்தகையே போய்விடும் என்று உழுபவருக்குப் பயம்.

கடைசியாக ஒன்று தெரியுமா? இங்கிலாந்து ராணியின் கணக்கைப் பார்க்க முடிந்ததைப் போல உங்கள் ஊர்க் கணக்கையும் பார்க்கலாம். பி.எம். கிசான் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் என்ற பகுதிக்குப் போங்கள். மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வரிசையாக வரும். கடவுச்சொல் வேண்டாம், கட்டணம் இல்லை. வயலுக்கே போகாதவர் பெயர் இருக்கிறதா, தகுதியிருந்தும் விடுபட்ட பெயர் எது என்று பாருங்கள். பார்த்துவிட்டு அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.